காவலுக்குள்ளேயே ஒளியும் கள்வன்: டைபாய்டு கிருமி நம் உடலை ஏமாற்றும் விதம்



நமது மடலின் மருத்துவப் பாடப் பகுதியில் இம்முறை டைபாய்டு காய்ச்சலை எடுத்துக்கொள்கிறோம். மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் குடும்பத்தாரிடம் பேசும்போது ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப எங்கள் காதில் விழுகிறது: "காய்ச்சல் விட்டுவிட்டது, அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டோம்." காய்ச்சல் போனால் கிருமியும் போய்விட்டது என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். சாதாரண சளிக் காய்ச்சலில் இந்த எண்ணத்தால் பெரிய கேடு வராது. டைபாய்டில் வரும்.

ஏன் வரும் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் கிருமி நம் உடலுக்குள் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியல் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்ந்தே வாசியுங்கள்.

கிருமியும் அதன் வழியும்

டைபாய்டை உண்டாக்குவது சால்மோனெல்லா டைபி என்ற பாக்டீரியா. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால், அதில் இரண்டு மூன்று பங்கு நீளம்தான் இருக்கும். மனிதனைத் தவிர வேறு எந்த உயிரினத்திலும் இது குடியிருப்பதில்லை. ஆகவே இது ஒருவருக்கு வந்தால், இன்னொரு மனிதரின் மலத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். குடிநீரில் கழிவுநீர் கலந்திருக்கலாம். அல்லது, கழுவாத கை உணவைத் தொட்டிருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 90 லட்சம் பேருக்கு டைபாய்டு வந்தது. சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். நம் தெற்காசியப் பகுதி அதிகம் பாதிக்கப்படும் பகுதிகளில் ஒன்று.

வாய் வழியே போன கிருமி வயிற்றின் அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடலை அடைகிறது. குடலின் உட்சுவரில் செல்கள் கல் வைத்துக் கட்டியதுபோல நெருக்கமாக இருக்கின்றன. கிருமி அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும். இங்கேதான் பாடம் தொடங்குகிறது.

செல்லின் பந்தல் கால்கள்

நம் உடலின் செல் வெறும் நீர்ப்பை அல்ல. அதற்குள் ஆக்டின் என்ற புரதத்தால் ஆன நுண்ணிய இழைகள் உண்டு. கல்யாண வீட்டில் பந்தல் போடுவதை நினைத்துப் பாருங்கள். கால்களை நட்டு, கட்டி, நிமிர்த்துகிறார்கள். வேலை முடிந்ததும் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். ஆக்டினும் அப்படித்தான். சிறு சிறு துண்டுகள் சேர்ந்து இழையாகின்றன, வேண்டாதபோது பிரிந்துவிடுகின்றன. செல்லுக்கு வடிவம் தருவதும், ஓரத்தை நீட்டுவதும் மடக்குவதும் இந்த இழைகளே.

பந்தலை எப்போது போடுவது, எப்போது பிரிப்பது என்று உத்தரவிடச் செல்லுக்குள் சில மேஸ்திரிகள் இருக்கிறார்கள். ராக், சிடிசி-42 என்பவை அவற்றில் இரண்டு. இவையும் புரதங்களே. மின்விளக்கின் சுவிட்சைப் போல இவற்றுக்கு 'ஆன்' நிலையும் 'ஆஃப்' நிலையும் உண்டு. 'ஆன்' ஆனால் ஆக்டின் இழைகள் எழும். 'ஆஃப்' ஆனால் அடங்கும்.

ஊசி வழியே போகும் உத்தரவு

சால்மோனெல்லா குடும்பத்துக் கிருமியின் மேற்பரப்பில் ஊசி போன்ற ஒரு கருவி இருக்கிறது. அந்த ஊசியின் நீளம் நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. 1998இல் ஆய்வாளர்கள் இந்தக் கருவியைத் தனியே பிரித்தெடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் வடிவத்தைக் கண்டார்கள். கிருமி செல்லின் மீது ஒட்டிக்கொண்டு, இந்த ஊசி வழியாகத் தன் புரதங்களைச் செல்லுக்குள் நேராகச் செலுத்துகிறது.

அப்படிச் செலுத்தும் புரதங்களில் ஒன்றின் பெயர் சோப்-இ. செல்லுக்குள் போனதும் இது ராக், சிடிசி-42 என்ற இரண்டு சுவிட்சுகளையும் 'ஆன்' செய்கிறது. உத்தரவு வீட்டுக்காரரிடமிருந்து வந்ததா, வெளியாளிடமிருந்து வந்ததா என்று செல்லுக்குத் தெரியாது. ஆக்டின் இழைகள் குபுகுபுவென்று எழுகின்றன. செல்லின் மேற்பரப்பு திரைச்சீலை மடிப்புகளைப் போல மேலெழுந்து, கிருமியைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிருமி கதவை உடைக்கவில்லை. வீட்டுக்காரரின் கையெழுத்தைப் போட்டு, வீட்டுக்காரரையே கதவைத் திறக்க வைத்துவிட்டது.

இதைவிட வியப்பான செய்தி அடுத்த ஆண்டே வந்தது. அதே ஊசி வழியாகப் போகும் எஸ்பிடி-பி என்ற இன்னொரு புரதம், அந்தச் சுவிட்சுகளைத் திரும்ப 'ஆஃப்' செய்கிறது என்று 1999இல் கண்டறிந்தார்கள். கிருமி உள்ளே போன சிறிது நேரத்தில் மேற்பரப்பின் மடிப்புகள் அடங்கி, செல் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. திருடன் உள்ளே புகுந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவதைப் போன்றது இது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் நடக்காத வீடு மாதிரியே தெரியும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் டைபாய்டு கிருமியின் நெருங்கிய உறவான சால்மோனெல்லா டைபிமுரியம் என்ற கிருமியில் நடந்தவை. கெட்டுப்போன உணவால் வரும் வாந்தி பேதிக்குக் காரணமான கிருமிகளில் அதுவும் ஒன்று. கதவைத் திறக்கும் சோப்-இ இரண்டு கிருமிகளிடமும் உண்டு. ஆனால் உறவுக்காரன் குடலிலேயே கலவரம் செய்து, சில நாட்களில் பேதியோடு வெளியேறுகிறது. டைபாய்டு கிருமி சத்தம் போடாமல் உள்ளே போகிறது.

போர்வை போர்த்திய பயணம்

கிருமி வந்தால் கண்டுபிடித்துச் சொல்ல நம் உடலில் காவல் உண்டு. பாக்டீரியாவின் மேற்பரப்பிலும் அதன் வால் போன்ற கசையிழையிலும் உள்ள சில பொருட்களைக் கண்டதும் நம் செல்கள் எச்சரிக்கை விடுக்கும். வெள்ளை அணுக்கள் திரளும். அந்த இடம் வீங்கும். வலியும் பேதியும் வரும்.

டைபாய்டு கிருமி இதைத் தவிர்க்க ஒரு வழி வைத்திருக்கிறது. அதனிடம் விஐ என்ற சர்க்கரைப் போர்வை இருக்கிறது. குடல் சுவரைத் தாண்டியதும் டிவிஐ-ஏ என்ற புரதத்தின் ஏற்பாட்டால் கிருமி இந்தப் போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. அதே புரதம் கசையிழையை உருவாக்குவதையும் குறைத்துவிடுகிறது. அடையாளம் காட்டும் பொருட்கள் மறைந்துவிடுவதால் காவல் செல்கள் உடனே சந்தேகப்படுவதில்லை.

கிருமி உடலுக்குள் வந்தும் முதல் ஒன்று இரண்டு வாரம் நமக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். "நேற்றுச் சாப்பிட்ட பரோட்டாவால்தான் டைபாய்டு வந்தது" என்று சொல்வோர் உண்டு. டைபாய்டில் நேற்றைய உணவைக் குறை சொல்வதில் பயனில்லை. இரண்டு வாரத்துக்கு முந்தைய தண்ணீரையும் உணவையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காவலனின் வயிற்றுக்குள் குடித்தனம்

குடல் சுவரைத் தாண்டிய இடத்தில் மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் காத்திருக்கின்றன. கிருமியைப் பிடித்து விழுங்குவதே இவற்றின் வேலை. விழுங்கிய கிருமியை ஒரு சிறு பைக்குள் அடைத்து, அந்தப் பையோடு லைசோசோம் என்ற இன்னொரு பையைச் சேர்க்கும். லைசோசோமில் கிருமியை அரைத்துக் கரைக்கும் நொதிகள் இருக்கின்றன. பெரும்பாலான கிருமிகளின் கதை அங்கே முடிந்துவிடும்.

சால்மோனெல்லாவின் கதை முடிவதில்லை. பைக்குள் அமிலம் கூடுவதையும் சத்துகள் குறைவதையும் உணர்ந்ததும், அது முதல் ஊசியை விட்டுவிட்டு இரண்டாவது வகை ஊசி ஒன்றை உருவாக்குகிறது. அதன் வழியே வேறு புரதங்களைப் பையின் சுவரைத் தாண்டிச் செல்லுக்குள் அனுப்புகிறது. அவற்றில் சிஃப்-ஏ என்ற புரதம், செல்லுக்குள் சரக்குகளை ஏற்றிச் செல்லும் தடங்களோடு அந்தப் பையைப் பிணைத்து, பையின் சுவர் உடையாமல் காக்கிறது. மற்றவை, அழிக்கும் நொதிகள் முழு அளவில் வந்து சேராதபடி போக்குவரத்தைத் திருப்பிவிடுகின்றன. சிறைக்கூடமாக இருக்க வேண்டிய பை, கிருமிக்கு வாடகையில்லாத வீடாகிவிடுகிறது. அங்கேயே அது பெருகுகிறது.

இந்தக் காவல் செல்கள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. இவற்றோடு சேர்ந்தே கிருமி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, பித்தப்பை என்று பல இடங்களுக்கும் போய்ச் சேருகிறது. அங்கே போதிய அளவு பெருகி இரத்தத்தில் இறங்கும்போதுதான் காய்ச்சல் படிப்படியாக ஏறத் தொடங்குகிறது.

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். மாத்திரை தொடங்கியதும் இரத்தத்தில் திரியும் கிருமிகள் குறைகின்றன. சில நாட்களில் காய்ச்சல் தணிகிறது. ஆனால் செல்லுக்குள் மறைந்திருப்பவை அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. அந்த நேரத்தில் மாத்திரையை நிறுத்தினால், எஞ்சியவை மீண்டும் பெருகுகின்றன. காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப வரும் டைபாய்டு பெரும்பாலும் இப்படி வந்ததே.

மருத்துவர்கள் அறிந்த ஒரு செய்தி இதை இன்னும் தெளிவாக்கும். ஜென்டாமைசின் என்ற ஊசி மருந்து, ஆய்வகத் தட்டில் டைபாய்டு கிருமியைக் கொல்லும். ஆனால் நோயாளிக்குப் போட்டால் டைபாய்டு குணமாவதில்லை. அந்த மருந்து செல்லின் சவ்வைத் தாண்டிப் போதிய அளவு உள்ளே போகாது என்பதே காரணம். அதற்கு மாறாக, அசித்ரோமைசின் செல்லுக்குள் சேர்ந்து நிற்கும் தன்மை உடையது. ஆகவே, மருந்துக் கடையில் "காய்ச்சலுக்கு ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது டைபாய்டுக்கு மருத்துவம் ஆகாது. எந்த மருந்து கிருமி இருக்கும் இடம்வரை போகும் என்று அறிந்து கொடுப்பவர் மருத்துவர்.

எலிக்கு ஏன் வருவதில்லை?

டைபாய்டு மனிதனுக்கு மட்டும் வருவது ஏன் என்ற கேள்விக்கு 2012இல் ஒரு பகுதி விடை கிடைத்தது. எலியின் விழுங்கு செல்களில் ராப்-32 என்ற புரதத்தின் மேற்பார்வையில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. அது கிருமியின் பைக்குக் கொல்லும் பொருட்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. டைபிமுரியம் கிருமி, ஜிடிஜி-இ என்ற புரதத்தை அனுப்பி ராப்-32ஐ வெட்டிவிடுகிறது. அதனால் எலிக்குள் பிழைக்கிறது. டைபாய்டு கிருமியிடம் அந்தக் கத்தரிக்கோல் இல்லை; அதனால் எலிக்குள் சாகிறது. ஆய்வகத்தில் அந்த ஒரு புரதத்தை டைபாய்டு கிருமிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலியின் விழுங்கு செல்லில் அது பிழைத்துப் பெருகியது.

ஒரே ஒரு புரதம் இருப்பதும் இல்லாததும், ஓர் உயிரினத்துக்கு நோய் வருவதையும் வராததையும் தீர்மானிக்கும் அளவுக்கு முக்கியமாகிவிடுகிறது. படைப்பின் நுட்பத்தை எண்ணிப் பார்க்க இதுவும் ஓர் இடம்.

போர்வையே காட்டிக்கொடுக்கிறது

கிருமி ஒளிவதற்குப் பயன்படுத்தும் அந்த விஐ போர்வையையே பிடித்துக்கொண்டுதான் இன்றைய தடுப்பூசியைச் செய்திருக்கிறார்கள். வெறும் சர்க்கரையைச் சிறு குழந்தையின் உடல் சரியாக நினைவில் வைத்துக்கொள்ளாது. அதனால் அந்தப் போர்வைச் சர்க்கரையை, வீரியம் நீக்கிய டெட்டனஸ் நச்சுப் புரதத்தோடு இணைத்தார்கள். இப்படி இணைத்ததும் உடல் அதை நன்றாகப் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை போர்வை போர்த்திய கிருமி வந்தால், போர்வையைப் பார்த்தே பிடித்துவிடுகிறது.

நம் நாட்டில் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் தயாரித்த இவ்வகைத் தடுப்பூசிக்கு 2017 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் முன்தகுதிச் சான்று அளித்தது. 6 மாதக் குழந்தை முதல் போடலாம். நேபாளம், பங்களாதேஷ், மலாவி ஆகிய நாடுகளில் பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளில், இது சுமார் 80 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ பாதுகாப்புத் தந்தது.

இன்னொரு நாட்டின் அனுபவத்தையும் நாம் கவனிக்க வேண்டும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், 2016 முதல் ஒரு புதிய வகை டைபாய்டு பரவியது. வழக்கமாகக் கொடுக்கும் ஐந்து வகை ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கும் அது அடங்கவில்லை. வாய்வழி மருந்தில் அசித்ரோமைசின் ஒன்றுதான் மிஞ்சியது. 2019 நவம்பரில் அந்த நாடு, உலகிலேயே முதலாவதாக, இந்தத் தடுப்பூசியை வழக்கமான குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கத் தொடங்கியது. அரைகுறையாக மருந்து உண்பதும், தேவையில்லாமல் உண்பதும் இப்படிப்பட்ட அடங்காத கிருமிகள் பெருக வழிசெய்கின்றன. ஒரு வீட்டில் நிறுத்திய மாத்திரை, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் கேடாக முடியலாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போகவும். டைபாய்டு என்று சந்தேகம் இருந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே பிளட் கல்ச்சர் எடுக்கலாமா என்று கேட்கவும். வைடால் பரிசோதனை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியாக இருக்காது. பழைய தொற்று, வேறு காய்ச்சல் ஆகியவற்றாலும் அது 'பாசிட்டிவ்' காட்டக்கூடும்.

2. மருந்தை மருத்துவர் சொன்ன நாள் வரை முழுமையாக உண்ணவும். மருந்தைப் பொறுத்து இது பொதுவாக 7 முதல் 14 நாட்கள் வரை இருக்கும். சரியான மருந்து தொடங்கிய பிறகும் காய்ச்சல் முழுவதும் தணிய நான்கைந்து நாட்கள் ஆகலாம். இரண்டாம் நாளே மருத்துவரை மாற்ற வேண்டாம். ஆனால் கடும் வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், மயக்கம், பிதற்றல் இருந்தால் இரவு என்று பாராமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கவனிக்காத டைபாய்டில் குடலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு.

3. குணமானவர் சமையல் வேலை செய்பவராக இருந்தால், மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. டைபாய்டு வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை, தமக்கு எந்தத் தொல்லையும் இல்லாமலே பித்தப்பையில் கிருமியைச் சுமந்துகொண்டு இருப்பார்கள். பித்தப்பையில் கல் உள்ளவர்களிடம் இது அதிகம். நியூயார்க்கில் சமையல்காரராக இருந்த மேரி மாலன் என்ற அயர்லாந்துப் பெண் இப்படிப்பட்டவர். தன்னிடம் நோய் இருப்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. 1907 முதல் இரண்டு கட்டமாக, மொத்தம் சுமார் 26 ஆண்டுகள் அவரைத் தனிமைப்படுத்தி வைத்தார்கள். இன்று அந்த நிலை இல்லை, மருந்து இருக்கிறது. ஆகவே யாரையும் ஒதுக்க வேண்டாம். ஏளனம் செய்யவும் வேண்டாம். பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். வலீமா, கந்தூரி, நோன்புக் கஞ்சி என்று பலருக்கும் சமைக்கும் பண்டாரிகளும் அவர்களின் உதவியாளர்களும் இதை மனதில் கொள்ள வேண்டும்.

4. ஐந்து வேளை ஒளுச் செய்கிறோமே, அது போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. ஒளுவினால் வரும் சுத்தம் பெரியது. ஆனால் கழிவறைக்குப் போய் வந்த கைக்குச் சோப்பும் வேண்டும். வெறும் தண்ணீர் விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் உள்ள கிருமியை முழுவதும் நீக்காது. ஒரே சஹனில் நான்கு பேர் கை வைத்து உண்ணும் பழக்கம் நம்மிடம் இருப்பதால், இதில் நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் பொறுப்பு உண்டு. குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிக்கவும்.

5. பிள்ளைகளுக்கு டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையைப் பார்க்கவும். இல்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் கேட்கவும். டைபாய்டு ஒருமுறை வந்து போனவருக்கும் மறுபடி வரலாம். எனவே அவர்களும் கேட்டறிய வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாத்திரையை நிறுத்தும் எல்லாரும் அலட்சியத்தால் நிறுத்துவதில்லை. மீதி மாத்திரை வாங்கக் கையில் காசு இல்லாமல், "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே" என்று மனதைத் தேற்றிக்கொள்ளும் குடும்பங்களும் நம் மஹல்லாவில் உண்டு. அவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: பணம் இல்லை என்பதற்காக ஒரு வேளை மருந்தும் தவற வேண்டாம். மருத்துவரின் சீட்டை எடுத்துக்கொண்டு அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் வீட்டுப் பெரியவர் யாரையாவது அனுப்புங்கள். பெயர் வெளியில் வராது. பாதியில் நின்ற மருத்துவத்தின் செலவு எவ்வளவு என்பது கணக்கெழுதும் எங்களுக்குத் தெரியும். மீதி மாத்திரையின் விலை அதன் முன் ஒன்றுமில்லை.

பிள்ளைகளுக்கான கேள்விகள்

• ஆக்டின் இழைகளைப் பந்தலோடு ஒப்பிடுவது ஏன்?
• சோப்-இ, எஸ்பிடி-பி ஆகிய இரண்டு புரதங்களின் வேலைக்கும் உள்ள வேறுபாடு என்ன?
• ஜென்டாமைசின் ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொன்றும் நோயாளியைக் குணப்படுத்தாதது ஏன்?
• கிருமியின் போர்வையை வைத்தே தடுப்பூசி செய்தது எப்படி?

விடைகளை எழுதி அலுவலகத்தில் கொடுக்கும் பிள்ளைகளுக்கு, இன்ஷா அல்லாஹ், ஒரு சிறு பரிசு உண்டு.

நோயுற்றவர்கள் அனைவருக்கும் வல்ல இறைவன் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

செயலாளர்